கொம்பிரசரை மாத்த முதல் எதை அளக்க வேணும்? (ஒரு ஆலையின் கேள்வியும், காற்றுக்குழாய், சுழலி, கணக்காய்வு எண்ட புனைபெயர்களில மூண்டு பேரின் பதிலும்)

கேள்வி – ரத்மலானை ஆலை:
ஆடைத் தொழிற்சாலை. 75 கிலோவாற்று ஸ்க்ரூ கொம்பிரசர், நிலையான வேகம், 7.5 பார், நிமிடத்துக்கு 13 கனமீற்றர், காற்றுத் தாங்கி 1,000 லீற்றர். விஎஸ்டி (தேவைக்கேத்த மாதிரி மோட்டர் வேகத்தை மாத்துற கருவி) போட்டால் 30 சதவீதம் மிச்சம் எண்டு விற்பனையாளர் சொல்லுறார். இந்தியாவின் பாட் (ஆலைகளுக்கு வலுச் சிக்கன இலக்கு வச்சு, தாண்டினால் விற்கக்கூடிய சான்றிதழ் குடுக்கிற திட்டம்) மாதிரி ஒண்டு இலங்கைக்கு வந்தால் இந்தச் செலவு கணக்கில சேருமோ எண்டு நிர்வாகம் கேக்குது. எங்க தொடங்கலாம்?

காற்றுக்குழாய்:
முதல்ல கசிவு. தையல், அயன் எல்லாம் நிண்ட நேரம் கொம்பிரசரை மட்டும் ஓட விடுங்கோ. லோட்டில (காற்றை அமுக்குற நிலை) ஓடுற செக்கன், அன்லோட்டில (காற்று குடுக்காமல் சும்மா சுத்துற நிலை) ஓடுற செக்கன், 10 சுற்றுக்குச் சராசரி எடுங்கோ. லோட் 10, அன்லோட் 20 எண்டால் கசிவு 10/30, அதாவது 33 சதவீதம். நிமிடத்துக்கு 4.3 கனமீற்றர், கிட்டத்தட்ட 25 கிலோவாற்று வீண். 10 சதவீதத்துக்குள்ள கொண்டு வரலாம்.

மெசின்களுக்குப் போற கிளை வால்வுகளைப் பூட்டிப்போட்டுச் சோதிக்க வேண்டாம். கசிவு பெரும்பாலும் அங்கதான்: குவிக் கப்ளர் (கையால கழட்டிப் பூட்டுற இணைப்பு), பியூ டியூப் (பொலியுரித்தேன் குழாய்) முனை, ஃபில்டர்-ரெகுலேட்டர் கிண்ணம், திறந்தபடி சிக்கின ஓட்டோ ட்ரெயின் (தேங்கின தண்ணியைத் தானாக வெளியேத்துற வால்வு). சத்தமில்லாத நேரத்தில சவுக்கார நுரையே போதும். ஓட்டத்தில தேடினால் அல்ட்ராசொனிக் கருவி வேணும்.

சுழலி:
25 கிலோவாற்று அப்படியே பில்லில இறங்காது. ஸ்க்ரூ இயந்திரம் அன்லோட்டிலயும் முழு வலுவில 25–40 சதவீதம் இழுக்கும். அதைக் கழிச்சால் 33 சதவீதக் கசிவு முழுக்க அடைபட்டாலும் கிடைக்கிறது 15–18 கிலோவாற்று அளவுதான். தாங்கி சின்னது எண்டால் அதுவும் குறையும்: கொம்பிரசரின் எண்ணெய்த் தொட்டியின் அமுக்கம் இறங்கினால்தான் அன்லோட் வலு குறையும், அதுக்கு முதலே திரும்ப லோட் ஆகும். 13 கனமீற்றருக்கு 5,000 லீற்றராவது இருக்க வேணும்.

அடுத்தது அமுக்கம். 7.5 இலிருந்து 6.5 பாருக்கு இறக்கினால் 6–7 சதவீதம் மிச்சம், கசிவும் குறையும். லைன் கடைசியில அமுக்கம் போதாட்டி, கொம்பிரசரை ஏத்தாமல் ஃபில்டரின் அமுக்க வீழ்ச்சியைப் பாருங்கோ. 0.5 பாருக்கு மேல எண்டால் எலிமென்ட் மாத்துற நேரம். கொம்பிரசரைக் குளிராக்கி வெளிய வாற சூடான காற்றை டக்ட் போட்டு வெளிய விடுங்கோ. உறிஞ்சுற காற்று 4 பாகை கூடினால் வலு 1 சதவீதம் கூடும். கொழும்பு வெக்கையில பூட்டின அறை எண்டால் கேக்கவே வேண்டாம்.

விஎஸ்டி கூடாத பொருள் இல்லை. ஆனால் முழுச் சுமையில நிலையான வேகத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். ஏற்ற இறக்கம் உள்ள இடத்திலதான் லாபம். கசிவை அடைச்ச பிறகு ஒரு கிழமை லோட் பதிவு எடுங்கோ. 55 கிலோவாற்றே போதுமாக வரலாம். கசிவோட சேர்த்து அளந்து வாங்கினால் கசிவுக்கும் சேர்த்து இயந்திரம் வாங்கினதாப் போயிடும்.

கணக்காய்வு:
பாட் பற்றி: 2001 வலுச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2012 இல் தொடங்கினது, முதற்சுற்றில 8 துறைகள், 478 ஆலைகள். இலக்கு மொத்த நுகர்வுக்கு இல்லை, உற்பத்தி அலகு ஒண்டுக்கான நுகர்வுக்கு. இலக்கைத் தாண்டினால் எண்ணெய்ச் சமான தொன் ஒண்டுக்கு ஒரு சான்றிதழ், விற்கலாம். முதற்சுற்றில புடைவைத்துறை ஆலை சேருறதுக்கான வாசல் வருசத்துக்கு 3,000 எண்ணெய்ச் சமான தொன் நுகர்வு, மின்சாரமாக 3.49 கோடி யூனிட். 75 கிலோவாற்று கொம்பிரசர் ஓடுற ஆலை அந்த வாசலுக்குக் கிட்டவும் வராது.

ஜப்பானின் 1979 வலுச் சேமிப்புச் சட்டம்தான் பார்க்க வேண்டியது. வருசத்துக்கு 1,500 கிலோலீற்றர் மசகெண்ணெய்ச் சமானத்தை எட்டினால் வருடாந்த அறிக்கை, வலு முகாமையாளர், சராசரி 1 சதவீதக் குறைப்பு இலக்கு. சான்றிதழ்ச் சந்தை இல்லாமலே ஒழுங்கு வருது. இங்க 2007 இன் 35ஆம் இலக்கச் சட்டம் நிலைபெறுதகு வலு அதிகாரசபையை உருவாக்கினது.

எந்தத் திட்டம் வந்தாலும் முதல்ல கேக்கிறது அடிப்படை ஆண்டின் அளவீடு. துண்டுக்கு யூனிட் எண்டு கணக்கு வைக்காதீங்கோ. டீசேர்ட்டும் ஜக்கெட்டும் ஒண்டில்லை. தையல் நிமிடத்துக்கு வையுங்கோ. கொம்பிரசருக்குத் தனி மீற்றர் இப்பவே போடுங்கோ, பழுது பார்க்க முதலே.

ரத்மலானை ஆலை:
இரவு ஷிப்ட் இல்லை. மதிய இடைவேளை சோதனைக்குக் காணுமோ?

காற்றுக்குழாய்:
காணும். மேல சொன்ன மாதிரி 30 செக்கன் சுற்று எண்டால் 10 சுற்றுக்கு 5 நிமிடம். அன்லோட்டில தானாக நிற்கிற டைமர் இருந்தால் அண்டைக்கு மட்டும் நீட்டி வையுங்கோ, இல்லாட்டிக் கணக்குப் பிழைக்கும்.