கான்பெராவில் காட்டுத்தீ நெருங்குகிறது: மகள் குடும்பத்துக்கு என்ன சொல்வது?

மடிப்பாக்கம் அம்மா:
வணக்கம். என் மகளும் மருமகனும் இரண்டு பேரப்பிள்ளைகளும் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் மேற்கு ஓரத்தில், தைலமரக் காட்டை ஒட்டிய புறநகர் ஒன்றில் தனி வீட்டில் வசிக்கிறார்கள். எங்கள் சம்பந்தியம்மாளும் இப்போது அங்கேதான் இருக்கிறார். அவருக்கு ஆஸ்துமா உண்டு. மலைப்பக்கம் மின்னலால் பற்றிய தீ இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்றும், அவர்கள் பகுதிக்கு ‘வாட்ச் அண்ட் ஆக்ட்’ (கவனித்துச் செயல்படுங்கள்) எச்சரிக்கை வந்திருக்கிறது என்றும், நாளை மறுநாள் வெயிலும் மேற்குக் காற்றும் மிகக் கடுமையாக இருக்கும் என்றும் மகள் சொல்கிறாள். தோட்டக் குழாயும் தண்ணீர்த் தொட்டியும் இருப்பதால் அங்கேயே இருந்து வீட்டைக் காத்துக்கொள்ளலாம் என்பது மருமகனின் எண்ணம். 2016 வர்தா புயலின்போது நாங்கள் கதவு சன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துதான் தப்பித்தோம் என்பதால், எனக்கும் அப்படியே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் மனம் முழுதாக ஒப்பவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அண்ணாநகர்வாசி:
அம்மா, நான் வேலை நிமித்தம் பல ஆண்டுகள் கான்பெராவில் இருந்தவன். நீங்கள் விவரிக்கும் நிலைமை 2003 ஜனவரியை அப்படியே நினைவூட்டுகிறது. அப்போதும் 8-ஆம் தேதி மின்னலால் மலைகளில் பற்றிய தீதான், பத்து நாள் கழித்து, 18-ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகலில் நகரின் மேற்குப் புறநகர்களுக்குள் புகுந்தது. நான்கு பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 500 வீடுகள் எரிந்தன, ஸ்ட்ரோம்லோ மலையின் வானாய்வகமும் அழிந்தது. டஃபி என்ற புறநகரில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின.

மருமகன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தெருமுனையில் நெருப்புச் சுவர் தெரியும், அதன்மேல் தண்ணீர் பீய்ச்சலாம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். வீடுகளைப் பெரும்பாலும் எரிப்பது கங்குகள். தைலமரத்தின் உரிபட்டை எரிந்தபடியே காற்றில் ஏறி, தீ வருவதற்கு வெகு முன்னதாகவே, சில வேளைகளில் பல கிலோமீட்டர் முன்னால் விழுந்து, கூரை விளிம்பில் மழைநீர் வடிய வைத்திருக்கும் தகர வாய்க்காலில் சேர்ந்த சருகிலும், ஓட்டின் இடுக்கிலும், வாசல் மிதியடியிலும் புகைந்துகொண்டிருக்கும். காட்டுத்தீ கடந்து போன பிறகு, யாரும் இல்லாத வீடு அந்தக் கங்கினால் மெல்லப் பற்றி, பக்கத்து வீட்டையும் பற்றவைக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் நின்று போகலாம். தெருவே குழாயைத் திறந்தால் தண்ணீரின் அழுத்தமும் குறைந்துவிடும். தோட்டக் குழாயை நம்பிப் போடும் திட்டம் இங்கேதான் உடைகிறது.

குரோம்பேட்டை, ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர்:
அம்மா, உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். புயலில் காற்றும் மழையும் வெளியே, சுவர் நடுவே, நாம் உள்ளே. ஆகவே உள்ளே இருப்பது அறிவு. தீக்கு நம் வீடே விறகு. வர்தாவும் 2015 வெள்ளமும் நமக்குக் கற்றுத்தந்த பழக்கங்கள், அதாவது பால் வாங்கி வைத்துக்கொண்டு மாடிக்குப் போய் உட்கார்ந்திருப்பது, இங்கே உதவாது.

2009 பிப்ரவரி 7 அன்று மெல்போர்னில் 46.4 டிகிரி வெயில் அடித்தது. விக்டோரியா மாநிலத் தீயில் 173 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் வீடுகளுக்குள்ளேயே. அன்று மாலை காற்று திசை மாறியபோது, அதுவரை பக்கவாட்டாக நீண்டு கிடந்த தீயின் ஓரம் முழுவதும் ஒரே நேரத்தில் முன்முனையாக மாறியது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நம் ஊர் மலையேற்றக்காரர்களுக்கு நேர்ந்ததையும் நினைத்துப் பாருங்கள்: சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது, சரிவு பத்து டிகிரி கூடும்போதெல்லாம் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஓடி முந்த முடியாது.

ஆகவே கேள்வி ‘இருப்பதா, போவதா’ என்பதைவிட ‘எப்போது போவது’ என்பதே. முந்தின நாளே, அல்லது அன்று விடியலிலேயே கிளம்பிவிட வேண்டும். புகை சூழ்ந்த பின் காரில் கிளம்புவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ‘வாட்ச் அண்ட் ஆக்ட்’ என்பது இரண்டாம் நிலை. அடுத்தது ‘எமர்ஜென்சி வார்னிங்’. அந்த மூன்றாம் நிலைக்காகக் காத்திருந்தால் பாதையே அடைபட்டிருக்கும்.

போரூர் நண்பர்:
மருமகனை முற்றிலும் தவறு என்று சொல்லிவிட வேண்டாம். 2003-இல் உள்ளே இருந்து கங்குகளை அணைத்தவர்கள் பல வீடுகளைக் காப்பாற்றினார்கள். ஆனால் அதற்கு உடல்வலுவுள்ள இருவர், மின்சாரம் இல்லாமல் ஓடும் பெட்ரோல் பம்ப், முன்கூட்டியே சருகு நீக்கிய சுற்றுப்புறம் எல்லாம் வேண்டும். தீ அபாய அளவு ‘கேட்டஸ்ட்ராஃபிக்’ என்ற உச்ச நிலை என்று அறிவிக்கப்பட்ட நாளில் இவை எல்லாம் இருந்தாலும் போதாது. குழந்தைகளையும் சம்பந்தியம்மாளையும் மகள் அழைத்துக்கொண்டு போகட்டும், மருமகன் மட்டும் யோசித்து முடிவெடுக்கட்டும்.

குரோம்பேட்டை, ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர்:
போரூர் நண்பர் சொன்ன நிபந்தனைகள் சரி, பிரித்து அனுப்பும் யோசனையை மட்டும் ஏற்க மாட்டேன். கணவர் தொலைபேசியை எடுக்கவில்லை என்றால் மனைவி காரைத் திருப்பிக்கொண்டு புகைக்குள் வருவார். ஐந்து பேரும் ஒன்றாகவே போகட்டும்.

மடிப்பாக்கம் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. மருமகனிடம் நானே பேசினேன். முதலில் தயங்கியவர், மின்சாரம் நின்றால் தன் பம்ப் ஓடாது என்பதை ஒப்புக்கொண்டார். நாளைக் காலையே நகரின் வடபகுதியிலுள்ள நண்பர் வீட்டுக்கு ஐவரும் போகிறார்கள். என்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

அண்ணாநகர்வாசி:
பாஸ்போர்ட்டுகள், வீட்டுக் காப்பீட்டுத் தாள்கள், சம்பந்தியம்மாளின் இன்ஹேலரும் மருந்துச் சீட்டும், ஆளுக்கொரு பி2 முகக்கவசம் (புகையின் நுண்துகளை வடிகட்டுவது), போர்த்திக்கொள்ளக் கம்பளி. அம்மாள் சின்தடிக் சேலை உடுத்த வேண்டாம், வெப்பத்தில் அது உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியும் மூடிய காலணியும் போதும். கிளம்புமுன் கூரை வாய்க்காலின் சருகை அள்ளிவிட்டு, மிதியடியையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் சுவரிலிருந்து அப்புறப்படுத்தி, எல்லாச் சன்னல்களையும் அடைக்கச் சொல்லுங்கள். கார் டேங்க் இன்றே நிரம்பட்டும். வழியில் ஏபிசி வானொலியைக் கேட்கட்டும். உயிருக்கு ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 000.

அங்கே இப்போது நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அவர்கள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் உங்களுக்கு அதிகாலை இரண்டரை. அப்போது அழைத்துக்கொண்டே இருக்காமல், சேர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லிவிடுங்கள், அவர்களின் போன் சார்ஜ் எச்சரிக்கைகளுக்கு வேண்டும்.