உதவி: வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் நாய் ஊளையிடுகிறது

நிலா_வெள்ளவத்தை:
அவசரம். நாங்கள் வெளிக்கிட்டவுடன் எங்கள் நாய் ஊளையிடத் தொடங்கிவிடுகிறது. கதவையும் விறாண்டி வைத்திருக்கிறது. கீழ் வீட்டு அக்கா இன்று நேரே வந்து பேசிவிட்டுப் போனா, அடுத்தது தொடர்மாடி முகாமைத்துவக் குழுவாம். ஏதாவது மருந்து இருக்கிறதா? குரைத்தால் ஷொக் அடிக்கும் கழுத்துப்பட்டி விற்கிறார்களாமே, வாங்கலாமா?

தெஹிவளையான்:
வயது என்ன? எவ்வளவு நேரம் தனியே விடுகிறீர்கள்? முன்பு பகலில் வீட்டில் யார் இருந்தது? இது ஒன்றும் சொல்லாமல் மருந்து கேட்டால் சாத்திரியாரிடம்தான் போக வேண்டும்.

ஓட்டக்காரன்:
நடை போதாது, அவ்வளவுதான். விடியவே தண்டவாளக் கரையோரம் நன்றாக ஓட விடுங்கள். களைத்த நாய் குரைக்காது.

தெஹிவளையான்:
ரயில் ஓடுகிற இடத்திலா நாயை ஓட விடச் சொல்கிறீர்கள்?

பழைய_கை:
இதே கேள்வி இங்கே எத்தனை தரம் வந்துவிட்டது. தேடிப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் நாய் வளர்க்க வெளிக்கிடக் கூடாது. விட்டுவிட்டுப் போகிற கோபத்தில் அது பழிவாங்குகிறது. கூட்டில் போட்டுப் பூட்டுங்கள், அடங்கும்.

கொட்டாஞ்சேனை_மாமி:
பழிவாங்கலும் இல்லை, ஒன்றும் இல்லை. பயந்த நாயைக் கூட்டில் அடைத்தால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். அந்தக் கழுத்துப்பட்டியும் வேண்டாம், இருக்கிற பயத்தோடு வலியும் சேரும்.

தங்கச்சி, முதலில் ஒன்று செய்யுங்கள். போகும்போது அதற்கு உயிரான சாப்பாடு எதையாவது வைத்துவிட்டு, ஃபோனை அலமாரியில் நிறுத்தி வீடியோ எடுங்கள். அலுப்பில் குழப்படி செய்கிற நாய் என்றால் நீங்கள் லிஃப்டுக்குப் போக முதலே தட்டு காலி. பயத்தில் இருக்கிற நாய் பெரும்பாலும் தொடாது. வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நிலா_வெள்ளவத்தை:
தெருவில் எடுத்த குட்டி, இப்போது வளர்ந்துவிட்டது. அம்மம்மா எப்போதும் வீட்டில் இருந்தா, இப்போது கனடாவுக்கு மாமாவிடம் போய்விட்டா. நாங்கள் எல்லாரும் ஒஃபிஸ்.

கோழிக்கால் வைத்துப் பார்த்தேன். வரும்போது அப்படியே கிடந்தது, எறும்பு மொய்த்துவிட்டது. கதவடியில் ஒரே வீணீர், முன்னங்கால் நகம் ஒன்று பிய்ந்து இரத்தம். வீடியோவில் நான் திறப்பை எடுத்த நேரத்திலிருந்தே மூச்சு வாங்குகிறது.

மச்சாள்_பேராதனை:
சமைத்த கோழி எலும்பு கொடுக்காதீர்கள், உடைந்து குடலில் குத்தும்.

காற்றாடி:
தடிமன் குளிசை பாதி கொடுங்கள். தூங்கிவிடும். தீபாவளிக்கு வெடி கொளுத்தும்போது நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

மச்சாள்_பேராதனை:
தயவுசெய்து வேண்டாம். உடம்பு சோர்ந்தால் பயம் போனதாக அர்த்தம் இல்லை. சில தடிமன் குளிசைகளில் பரசிற்றமோலும் சேர்ந்திருக்கும், அது நாய்க்கு ஈரலைக் கெடுக்கும். என் மச்சாள் மிருக வைத்தியர், அவவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். இதற்கென்றே மருந்து உண்டு. அமெரிக்காவில் 1998இல் குளோமிப்ரமினுக்கும் 2007இல் ஃபுளுவொக்செற்றினுக்கும் நாய்களின் இந்தப் பிரச்சினைக்கு அனுமதி கொடுத்தார்கள். பலன் தெரியச் சில வாரம் எடுக்கும், தனியே இருக்கப் பழக்குவதும் சேர்ந்து நடக்க வேண்டும். அளவை வைத்தியர் நாயைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கொட்டாஞ்சேனை_மாமி:
அந்தத் திறப்புத்தான் விஷயம். திறப்பு, சப்பாத்து, கைப்பை, இதுகளைக் கண்டாலே அதற்குத் தெரிந்துவிடும். திறப்பை எடுத்துக்கொண்டு வந்து வாங்கிலில் இருந்து தேத்தண்ணி குடியுங்கள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரியுங்கள். அது தலையைக்கூடத் தூக்காமல் படுத்திருக்கும் வரைக்கும் இதையே செய்யுங்கள், அப்புறம்தான் கதவு. வெளியே ஐந்து செக்கன் நின்றுவிட்டு உள்ளே வாருங்கள், பிறகு பத்து. பதறத் தொடங்க முதல் திரும்பி வந்துவிட வேண்டும். பதறினால் நேரத்தைக் குறையுங்கள், அவசரப்பட்டால் திரும்ப முதலிலிருந்துதான்.

இன்னொன்று. இது நடக்கிற காலத்தில் பகல் முழுக்கத் தனியே விட்டால் பழக்கினது எல்லாம் வீண். சொந்தத்தில் யாரையாவது பிடியுங்கள்.

பழைய_கை:
செக்கன் கணக்குப் பார்க்க நாட்டில் யாருக்கு நேரம்? தெருநாயைக் கீழே விட்டால் அதுபாட்டுக்குத் திரியும்.

தெஹிவளையான்:
காலி வீதியிலா? பஸ் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

ஓட்டக்காரன்:
தொடர்மாடியில் நாயே வளர்க்கக் கூடாது. எங்கள் லிஃப்டில் ஒருநாள் சலம் பெய்துவிட்டுப் போனது, துடைக்க ஒருவரும் இல்லை.

காற்றாடி:
எங்கள் லிஃப்டில் மனிசர் வெற்றிலை துப்புகிறார்கள் அண்ணா. அவர்களை எங்கே வைத்து வளர்ப்பது?

ஓட்டக்காரன்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

(இப்படியே நீண்ட லிஃப்ட் சண்டை நீக்கப்பட்டது. நாயைப் பற்றி மட்டும் எழுதவும். - நடத்துநர்)

நிலா_வெள்ளவத்தை:
வைத்தியரிடம் காட்டினோம், குளிசை எழுதித் தந்திருக்கிறார். பகலில் பம்பலப்பிட்டியில் சித்தி வீட்டில் விடுகிறேன். திறப்பு எடுத்தால் இப்போது எழும்புவதில்லை, சப்பாத்துக்கு இன்னும் எழும்புகிறது. நன்றி மாமி.

தெஹிவளையான்:
எந்த வைத்தியர்? எவ்வளவு எடுத்தார்?

காற்றாடி:
கீழ் வீட்டு அக்கா என்ன சொல்கிறா?