மறு: ஸ்பீக்கர் ‘எக்ஸ்கர்ஷன்’ தமிழில் – சூட்டெல்லை, வீச்செல்லை

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்பீக்கரின் கூம்பு (கோன்) முன்னும் பின்னும் அசைவதை ஆங்கிலத்தில் ‘எக்ஸ்கர்ஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் இந்த இழையின் கேள்வி. ‘இடப்பெயர்ச்சி’யே போதும் என்று சென்னை ஐயா எழுதியிருந்தார்கள். ஈரோட்டு நண்பர் ‘ஆட்டம்’ என்றார். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. காரணம் சொல்லுமுன் போன பண்டிகையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கோபி பக்கம் ஒரு ஊரில் மாரியம்மன் பண்டிகை. கோயில் முன் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடுகிற இடத்தில் தம்பிகள் சொந்தமாகப் பிளைவுட் அறுத்து ஒட்டிய இரண்டு பேஸ் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு 15 இஞ்ச் ஸ்பீக்கர். ஸ்பீக்கர் முதுகில் 400 வாட் என்று இருந்தது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) 300 வாட்டுக்கு மேல் தராது. அதனால் பயமே இல்லைங்க என்றார்கள். எட்டு மணி வாக்கில் ஒரு பெட்டியிலிருந்து டக், டக் என்று தகரம் தட்டுகிற மாதிரி சத்தம். கொஞ்ச நேரத்தில் பெட்டி ஊமை.

மறுநாள் கழற்றினோம். வார்னிஷ் கருகிய வாசம் இல்லை. கூம்பை அசைக்கிற கம்பிச் சுற்றான காயிலின் செம்பு புதுசு மாதிரியே மின்னியது. ஆனால் காயில் சுற்றிய குழாயின் அடி விளிம்பு நசுங்கி, கடைசிச் சுற்றுகள் அவிழ்ந்து தொங்கின. காந்தத்தின் பின்தட்டில் மோதி மோதி நசுங்கியிருக்கிறது. அப்போதும் அந்தத் தம்பி சொன்னது: “காயில் எரிஞ்சு போச்சுங்ணா.” பம்புசெட் மோட்டாரைப் பார்த்து வளர்ந்த ஊர் நமது. மோட்டார் நின்றால் காயில் எரிந்தது என்றுதான் வாயில் வரும். எரியாமலும் காயில் சாகும் என்று சொல்ல அவனிடம் சொல் இல்லை. அந்தச் சொல்லைத்தான் நாம் தர வேண்டும்.

ஸ்பீக்கர் எத்தனை வாட் தாங்கும் என்பதற்கான ‘மின்திறன் தாங்குதிறன்’ என்ற ஒற்றைச் சொல் இரண்டு வேறு எல்லைகளை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. 1970களில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஆராய்ந்த ரிச்சர்ட் ஸ்மால் எழுதிய கட்டுரைகளிலேயே சூட்டால் வரும் எல்லையும் கூம்பின் அசைவால் வரும் எல்லையும் தனித்தனியாக இருக்கின்றன. தமிழில் நாமும் பிரித்தே வைக்க வேண்டும்.

என் பரிந்துரை: காயில் கருகாமல் தாங்கும் அளவு ‘சூட்டெல்லை’. கூம்பு மோதாமல், காயில் காந்த இடைவெளியை விட்டு வெளியேறாமல் அசையும் அளவு ‘வீச்செல்லை’.

‘வீச்சு’ ஏற்கெனவே பள்ளிப் பாடநூலில் இருக்கிறது. அதிரும் பொருள் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் போகிற அதிகபட்சத் தொலைவுதான் அது. இங்கே நமக்கு வேண்டியதும் அதுவே. இடப்பெயர்ச்சி அந்தந்த நொடிக்கு மாறும் அளவு. அதில் உச்சம் என்ற பொருள் வராது. ‘ஆட்டம்’ நல்ல சொல்தான். ஆனால் கோவைப் பட்டறையில் ‘ஷாஃப்ட்ல ஆட்டம் இருக்கு’ என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். ஒழுங்காக அசைகிற கூம்புக்கும் அதையே சொன்னால் பழுது என்று எடுத்துக்கொள்வார்கள்.

பிரித்துச் சொல்வதால் என்ன ஆகிறது பாருங்கள். அந்த 8 ஓம் ஸ்பீக்கரின் வீச்செல்லை 5 மில்லிமீட்டர். பெட்டியின் போர்ட் (காற்று போய்வரும் துளை) 42 ஹெர்ட்ஸுக்கு வைத்தது. அந்த அதிர்வெண்ணில் போர்ட் காற்றே வேலை செய்யும். கூம்பு அவ்வளவாக அசையாது. அதற்குக் கீழே போனால் காற்று போர்ட் வழியே சும்மா போய்வரும், கூம்பைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் 30 ஹெர்ட்ஸில் 75 வாட்டுக்கே, அதாவது 24.5 வோல்ட்டுக்கே, 5 மில்லியைத் தொட்டுவிடுகிறது. 300 வாட் என்றால் 49 வோல்ட். வோல்ட் இரண்டு மடங்கு, வீச்சும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மோதாமல் என்ன செய்யும்? 40 ஹெர்ட்ஸில் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபெல் சரிவில், அதற்குக் கீழான ஒலியைக் குறைக்கும் ஹைபாஸ் வடிகட்டி ஒன்று போட்டிருந்தால், 30 ஹெர்ட்ஸில் அந்த 300 வாட் 30க்கும் கீழே இறங்கியிருக்கும். ஸ்பீக்கர் பிழைத்திருக்கும்.

சூட்டெல்லைக்கு மருந்து வேறு. கொடுக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி ஒலியாகாமல் காயிலில் சூடாகவே நிற்கிறது. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 200 டிகிரி ஏறினால் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அதனால் காயிலில் ஓடும் மின்சாரம் குறைந்து சத்தம் இறங்கும், உடனே யாராவது குமிழைத் திருகுவார்கள். ஏஇஎஸ் (ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி) முறையில் வாட் போட்டிருந்தால் அது திறந்த காற்றில் 2 மணி நேரம் இரைச்சல் ஓட்டிப் பார்த்த அளவு. பெட்டிக்குள், சித்திரை வெயிலில், அதை முழுசாக நம்ப மாட்டேன். முதுகில் போட்ட 400இல் பாதி, அதாவது 200 வாட், 40 வோல்ட். இதைச் சில நொடி சராசரியில் பிடிக்கும் லிமிட்டரில் (அளவு மீறாமல் தடுக்கும் கருவியில்) வைப்பேன். அது மெதுவாகப் பிடிக்கலாம். வீச்செல்லைக்கு அந்த மெதுவு உதவாது. ஒரே அடியில் மோதிவிடும்.

இப்படி வேகமாகப் பிடிப்பது, மெதுவாகப் பிடிப்பது என்று லிமிட்டரும் இரண்டு வகையாகிறது. ‘கட்டுப்படுத்தி’ ஏற்கெனவே கண்ட்ரோலருக்குப் போய்விட்டது. ‘வரம்பி’ என்று வைத்து, ‘உச்ச வரம்பி’, ‘சராசரி வரம்பி’ என்று பிரிக்கலாமா? மைக் செட் தொழிலில் இருக்கிறவர்கள் இந்த இழையில் இருந்தால் முதலில் நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வாயில் புரளாத சொல்லை நான் விக்சனரியில் ஏற்றப் போவதில்லை.