வாழ்க்கைப் பருவங்களின் வயது எல்லைகள் நூலுக்கு நூல் ஏன் வேறுபடுகின்றன?

கேள்வி – கல்வியியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் ஆசிரியர் கல்வி முதலாண்டு படிக்கிறேன். மனித வளர்ச்சிப் பருவங்களைப் பற்றிய பாடத்திற்காக மூன்று நூல்களை அருகருகே வைத்துப் படித்தபோது, மூன்றும் மூன்று விதமாகச் சொல்வதைக் கண்டு குழம்பிப் போயிருக்கிறேன். குழவிப் பருவம் ஒன்றில் 2 வயதிலும் மற்றொன்றில் 3 வயதிலும் முடிகிறது. பிள்ளைப் பருவத்தின் முடிவு 10, 11, 12 என்று மாறுகிறது. குமரப் பருவம் 18 வயதில் முடிகிறதா, 19 வயதிலா, 21 வயதிலா என்பதிலும் ஒற்றுமை இல்லை. இந்தப் பருவங்கள் உடலிலும் மனத்திலும் உண்மையாகவே இருப்பவையா, அல்லது பாடம் நடத்துவதற்காக ஆசிரியர்கள் தம் வசதிக்கு வகுத்துக்கொண்டவையா?

இன்னொரு ஐயமும் உண்டு. முதல் இருபது ஆண்டுகளுக்கு எண்பது பக்கம் ஒதுக்கும் நூல், எஞ்சிய அறுபது ஆண்டுகளை இரண்டே பக்கங்களில் முடித்துவிடுகிறது. இருபது வயதுக்குப் பின் சொல்லத்தக்க வளர்ச்சி எதுவும் இல்லையா?

பாடத்திற்கு வெளியே ஒரு செய்தி: என் அக்காவின் குழந்தைக்குப் பதினொரு மாதம். அவள் தவழவே இல்லை. நேரே எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். ஒரு படியைத் தாண்டிவிட்டாள் என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டுமா?

மறுமொழி 1 – நடைவண்டி

குழந்தை நலத் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உட்காருதல் முதல் தனியே நடத்தல் வரையிலான ஆறு இயக்கத் திறன்களுக்குரிய கால இடைவெளிகளை 2006-இல் வெளியிட்டது. அதன்படி பிடிமானமின்றி உட்காருவது 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரையிலும், தனியே நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரையிலும் நிகழலாம். அந்தக் குழந்தைகளில் 4.3 விழுக்காட்டினர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடக்கத் தொடங்கினர். எனவே தவழ்தல் எல்லாக் குழந்தைகளும் மிதித்தே ஏற வேண்டிய படி அன்று. பதினெட்டு மாதமாகியும் நடக்காதிருந்தாலோ, உடலின் ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்தினாலோ, முன்பு செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் விட்டுவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவற்றில் மூன்றாவதுதான் மிக முக்கியமானது. ஆனால் வீட்டார் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவதும் அதுவே.

இனி எல்லைகள் வேறுபடுவதற்கு வருவோம். உடலை மட்டும் எடுத்துக்கொண்டாலே, அதன் உறுப்புகள் ஒரே கால அட்டவணைப்படி வளர்வதில்லை. 1930-இல் ஸ்காமன் என்ற உடற்கூறியலாளர் நான்கு வளைகோடுகளை வரைந்து இதைக் காட்டினார். பிறக்கும்போது பெரியவருடைய எடையில் கால் பங்காக இருக்கும் மூளை, ஆறு வயதுக்குள் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. நிணநீர்த் திசுக்கள் பிள்ளைப் பருவத்தின் இறுதியில் பெரியவரின் அளவையும் தாண்டி வளர்ந்து பின்னர் சுருங்குகின்றன. இனப்பெருக்க உறுப்புகளோ பத்து வயது வரை கிட்டத்தட்ட உறங்கிக் கிடந்து, அதன் பிறகே விரைந்து வளர்கின்றன. உயரம் இவற்றில் எதனோடும் ஒத்துப்போவதில்லை: முதல் ஆண்டில் ஏறக்குறைய 25 செ.மீ., இரண்டாம் ஆண்டில் அதில் பாதி, பிறகு ஆண்டுக்கு 5 முதல் 7 செ.மீ. என்று தணிந்து, பூப்பெய்தும் காலத்தை ஒட்டி மீண்டும் ஒருமுறை எழுகிறது. மூளையைக் கொண்டு எல்லை வகுப்பவர் ஓரிடத்திலும், உயரத்தைக் கொண்டு வகுப்பவர் வேறோர் இடத்திலும் கோடு போடுவார்கள். இருவரும் பிழை செய்யவில்லை.

உயரம் இப்படி ஏறி இறங்குவதை நாம் அறிந்ததற்கு ஒரு தந்தையின் பொறுமையும் காரணம். பிரான்சில் மோன்பெயார் என்பவர் 1759 முதல் 1777 வரை தம் மகனின் உயரத்தை ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அளந்து குறித்துவைத்தார். அந்தக் குறிப்புகளிலிருந்து வரைந்த வளைகோடு இன்றும் வளர்ச்சியியல் நூல்களில் இடம்பெறுகிறது.

மறுமொழி 2 – உளவியல் விரிவுரையாளர்

நடைவண்டி அவர்கள் உடலுக்குச் சொன்னது மனத்துக்கும் பொருந்தும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே கேட்டது, குழந்தை எவ்வாறு சிந்திக்கிறது என்பது. உளப்பகுப்பாய்வாளர் எரிக்சன் கேட்டது, அந்த வயதில் மனிதன் பிறரோடும் தன்னோடும் எந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டியிருக்கிறது என்பது. பியாஜேயின் நான்கு நிலைகள் பதினோரு வயதளவில் தொடங்கும் முறையான மனச்செயல்பாட்டு நிலையோடு (கண்முன் இல்லாதவற்றையும் கருத்தளவில் ஆராயும் நிலை) நின்றுவிடுவதும், எரிக்சனின் எட்டு நிலைகள் முதுமையின் நிறைவு, விரக்தி வரை நீள்வதும் இதனால்தான். இருவருடைய வயதுகளையும் ஒரே அட்டவணையில் திணிக்கும் பாடநூல்களே உங்கள் குழப்பத்திற்கு முதற்காரணம் என்று நினைக்கிறேன். நானே மாணவனாக இருந்தபோது அத்தகைய அட்டவணை ஒன்றை மனப்பாடம் செய்து, அது எந்தக் கேள்விக்கு விடை என்று தெரியாமலேயே தேர்வில் எழுதியிருக்கிறேன்.

ஒரே அறிஞரின் ஒரே நிலைக்குள்ளும் எல்லை கூர்மையாக இருப்பதில்லை. இரண்டு களிமண் உருண்டைகளில் ஒன்றைக் குழந்தையின் கண்ணெதிரே நீளமாக உருட்டிவிட்டு, எதில் களிமண் அதிகம் என்று கேட்கும் சோதனையை நீங்கள் படித்திருப்பீர்கள். ஏழு வயதுக் குழந்தை களிமண்ணின் அளவு மாறவில்லை என்று தெளிவாகச் சொல்லும். அதே குழந்தையிடம் எடை மாறியதா என்று கேட்டால் தடுமாறும். அதற்கு ஒன்பது வயதளவு ஆக வேண்டும். நீரில் அமிழ்த்தினால் அது விலக்கும் நீரின் கன அளவைப் பற்றிய தெளிவோ பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் வருகிறது. பியாஜேயே இதைக் கண்டு தனிப்பெயர் இட்டிருக்கிறார். அப்படியானால் அந்த ஏழு வயதுக் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது? அளவைப் பொறுத்தவரை ஒரு நிலையில், எடையைப் பொறுத்தவரை அதற்கு முந்தைய நிலையில்.

நிலைக் கோட்பாடுகள் உறுதியாகச் சொல்வது வரிசையை மட்டுமே. வயது அவற்றுள் ஒரு தோராயக் குறிப்பு. தேர்வில் வயதை எழுதும்போது, அது யாருடைய வகுப்பு என்று பெயரையும் சேர்த்து எழுதுங்கள், மதிப்பெண் குறையாது.

மறுமொழி 3 – குறுக்குக் கேள்வி

எல்லாமே தோராயம் என்று சொல்லிவிடுவது சரியன்று. பூப்பெய்துதல் உடலில் நிகழும் மாற்றம். எந்தப் பாடநூல் ஆசிரியரும் அதை வகுத்துக்கொடுக்கவில்லை. மாதவிடாய் நிற்பதும் அப்படியே. இவற்றையுமா வசதிக்காகப் போட்ட கோடு என்பீர்கள்?

மறுமொழி 4 – நடைவண்டி

நியாயமான கேள்வி. அந்த நிகழ்வுகள் உண்மையானவை. ஆனால் அவை ஒரே வயதில் வருவதில்லை. பூப்பின் முதல் அறிகுறிகள் பெண்களிடம் 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்களிடம் 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குவது இயல்பு. ஆகவே ஒரே வகுப்பறையில் பன்னிரண்டு வயதினர் முப்பது பேர் அமர்ந்திருந்தால், அவர்களுள் சிலருக்கு அது முடியும் தறுவாயில் இருக்கும்; சிலருக்குத் தொடங்கியே இராது. வயதைக் கேட்டு அவர்களைக் குமரப் பருவத்தினர் என்று ஒரே பெயரால் அழைப்பது பதிவேட்டுக்கு உதவும், உடலைப் புரிந்துகொள்ள உதவாது. பிரித்தானிய மருத்துவர் டானர் இதனால்தான் வயதை ஒதுக்கிவிட்டு, உடலில் தெரியும் அடையாளங்களைக் கொண்டு பூப்பின் வளர்ச்சியை ஐந்து நிலைகளாகப் பிரித்தார். இன்றுவரை மருத்துவர்கள் பயன்படுத்துவது அந்தப் பிரிவையே.

முடிவு எல்லை இன்னும் தளர்வானது. உலக சுகாதார நிறுவனம் வளரிளம் பருவத்தை 10 முதல் 19 வயது வரை என்கிறது. மூளையின் முன்நெற்றிப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருப்பதாலும், படிப்பும் பிறரைச் சார்ந்திருப்பதும் நீண்டுவிட்டதாலும், அதை 24 வரை நீட்ட வேண்டும் என்று 2018-இல் ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். ஆர்னெட் என்ற உளவியலாளர் 2000-இல் 18 முதல் 25 வயது வரையிலான காலத்தைத் தனிப் பருவமாகவே பிரித்துவிட்டார். தொடக்கத்தை உடல் முடிவு செய்கிறது. முடிவையோ பெரும்பாலும் சமூகமே முடிவு செய்கிறது.

மறுமொழி 5 – ஓய்வுபெற்ற பொறியாளர்

அறுபது ஆண்டுகளுக்கு இரண்டு பக்கம் என்று மாணவி எழுதியதைப் படித்துச் சிரித்தேன். எனக்கு எழுபத்தொரு வயது. தொழிலால் நான் பொறியாளன். இத்துறையை ஆர்வத்தால் மட்டுமே படித்து வருகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதுமையைப் பற்றிய பழைய கருத்து, இருபதில் உச்சம், அதன் பிறகு இறக்கம் என்பதாகும். இருபது வயதினரையும் எழுபது வயதினரையும் ஒரே நாளில் சோதித்து ஒப்பிட்டால் அப்படித்தான் தெரியும். ஆனால் அந்த எழுபது வயதினர் குறைவாகப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவர்களாக இருந்தால், நாம் அளப்பது முதுமையையா, பள்ளிக்கூடம் கிடைக்காமற்போனதையா? ஷாயி என்ற உளவியலாளர் 1956-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வு, அதே மனிதர்களை ஏழாண்டுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் சோதித்து இந்தச் சிக்கலைப் பிரித்துக் காட்டியது. வேகம் சீக்கிரமே குறையத் தொடங்குகிறது. சொல்லாற்றல் போன்றவை அறுபதுகள் வரை பெரிதாகக் குறைவதில்லை. எனக்கும் ஒருவரைப் பார்த்தவுடன் பெயர் வாயில் வருவதில்லை; ஆனால் ஒரு வரைபடத்தில் எங்கே தவறு இருக்கும் என்பது முப்பது வயதில் தெரிந்ததைவிட இப்போது விரைவாகத் தெரிகிறது.

பால்டெஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், எந்த வயதிலும் வளர்ச்சி என்பது பேறும் இழப்பும் கலந்தது என்றார். தாய்மொழியின் ஒலிகளில் தேர்ச்சி பெறும் குழந்தை, பிறமொழி ஒலிகளை வேறுபடுத்திக் கேட்கும் திறனை முதலாண்டின் இறுதிக்குள்ளேயே இழக்கத் தொடங்கிவிடுகிறது. முதுமையில் இழப்பின் பங்கு கூடுகிறது, அவ்வளவே. அதை மனிதர் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதற்கு அவர் காட்டிய சான்று பியானோக் கலைஞர் ரூபின்ஸ்டைன். எண்பது வயதில் எப்படி இவ்வளவு நன்றாக வாசிக்க முடிகிறது என்று கேட்டபோது, குறைவான உருப்படிகளையே வாசிப்பதாகவும், அவற்றை அதிகமாகப் பயில்வதாகவும், விரைவுப் பகுதி வருமுன் வேண்டுமென்றே மெதுவாக வாசித்து அந்த விரைவை எடுப்பாகத் தோன்றச் செய்வதாகவும் அவர் சொன்னாராம். தேர்ந்தெடுத்தல், செம்மைப்படுத்தல், ஈடுசெய்தல் என்று பால்டெஸ் இதற்குப் பெயரிட்டார்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகப் படியுங்கள். நாற்பதில் எல்லோருக்கும் நடுவயது நெருக்கடி வரும் என்று பல நூல்கள் எழுதுகின்றன. 1965-இல் ஜாக்ஸ் என்பவர் உருவாக்கிய அந்தச் சொல்லை மக்களிடையே பரப்பியவற்றுள் ஒன்றான லெவின்சனின் ஆய்வு நாற்பது ஆண்களை நேர்காணல் செய்து எழுதப்பட்டது. நாற்பது பேரைக் கொண்டு மனித குலத்துக்கே ஒரு பருவத்தை வகுப்பது பொறியியலில் செல்லாது.

மறுமொழி 6 – உளவியல் விரிவுரையாளர்

ஐயாவின் மறுமொழியோடு ஒன்று சேர்க்கிறேன். எரிக்சனே தொண்ணூறு வயதை எட்டியபோது தம் எட்டாம் நிலை போதவில்லை என்று உணர்ந்தார். அவர் மறைவுக்குப் பின் 1997-இல் அவருடைய மனைவி ஜோன், மிக முதிர்ந்த வயதுக்கு ஒன்பதாவது நிலை ஒன்றைச் சேர்த்து எழுதினார்.

மேலும், டானரின் முறை நமக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழின் பருவங்களுக்குப் பாட்டியல் நூல்கள் (சிற்றிலக்கிய வகைகளின் இலக்கணம் சொல்பவை) மாதக் கணக்கும் சொல்கின்றன; அதிலும் அவை தமக்குள் வேறுபடுகின்றன. ஆனால் செங்கீரை, சப்பாணி, வருகை என்ற பெயர்கள், குழந்தை கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவதையும், கைகொட்டுவதையும், நடந்து வருவதையும் கண்டு இடப்பட்டவை.

கேள்வி கேட்டவர் – கல்வியியல் மாணவி

அனைவருக்கும் நன்றி. என் செய்முறைப் பதிவேட்டில் வயது, பருவம், பண்புகள் என்று மூன்று பத்திகள் இருந்தன. முதலில் கவனித்த செயல், பிறகு அது யாருடைய வகுப்பில் எந்த நிலை, கடைசியில் வயது என்று மாற்றியிருக்கிறேன். மேற்பார்வை ஆசிரியர் ஏற்பாரா என்று தெரியவில்லை. 4.3 விழுக்காடு என்ற எண்ணை அக்காவிடம் சொன்னேன். அவள் அமைதியாகிவிட்டாள், அம்மா மட்டும் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து இன்னமும் முயன்றுகொண்டிருக்கிறார்.