பிரேக் அழுத்தினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது: எந்த டிஸ்க், எந்த பேட் வாங்கலாம்?

மலைப்பாதை:
வணக்கம், அவசர உதவி தேவை. என் பழைய காரில் வேகமாகப் போகும்போது பிரேக் அழுத்தினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. மெக்கானிக் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க், அதை இறுக்கிப் பிடிக்கும் பேட் இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டார், பொருளை நானே வாங்கித் தர வேண்டுமாம். பார்த்தால் துளை போட்ட டிஸ்க், கோடு வெட்டிய டிஸ்க், சாதாரண டிஸ்க் என்று வருகிறது. பேடிலும் செராமிக், செமி மெட்டாலிக் என்கிறார்கள். எது நல்லது? சனிக்கிழமை வண்டியை விட வேண்டும்.

கியர்ப்பெட்டி:
என்ன வண்டி, எந்த வருஷம்? நான்கு சக்கரத்திலும் டிஸ்க்கா, முன்னால் மட்டுமா? டிஸ்க்கின் தடிமனை அளந்தார்களா? ஒரே மாடலிலேயே இன்ஜினைப் பொறுத்து இரண்டு மூன்று அளவு டிஸ்க் வரும். சேசிஸ் எண்ணை வைத்துப் பார்க்காமல் வாங்கினால் காலிப்பருக்குள், அதாவது பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிடிக்குள், நுழையாது.

வேகத்தடை:
துளையும் கோடும் சேர்ந்த டிஸ்க்காகவே போடுங்கள். சூடு சீக்கிரம் இறங்கும், மழையில் முதல் அழுத்தத்திலேயே பிடிக்கும். நான் போட்டிருக்கிறேன், பெடலில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

உருக்கிரும்பு:
தம்பி, இந்தக் கேள்வி இங்கே பல தடவை வந்துவிட்டது. கேட்கும் முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஒரு டிஸ்க் சூட்டைத் தாங்குவது அதிலுள்ள இரும்பின் எடையால். துளை போட்டால் அந்த எடைதான் குறைகிறது. அந்தக் காலத்து பேட்கள் சூட்டில் வாயுவைக் கக்கின, அது வெளியேறத்தான் துளை போட்டார்கள். இன்றைய பேடில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. கடுமையாக ஓட்டினால் துளையின் விளிம்பிலிருந்து விரிசல் கிளம்பும். கோடு வெட்டியது பேடைச் சீக்கிரம் தின்னும். தினசரி ஓட்டத்துக்கு நடுவில் காற்றறை உள்ள சாதாரண டிஸ்க் போதும்.

வேகத்தடை:
என் வண்டியில் இதுவரை ஒரு விரிசலும் இல்லை. மழையில் பிடிப்பதைப் பற்றி நீங்கள் பதிலே சொல்லவில்லையே.

உருக்கிரும்பு:
மழையில் முதல் நொடியில் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது நடுக்கத்தைப் பற்றி. டிஸ்க்கில் துளை இருப்பதால் நடுக்கம் நிற்காது.

தொலைதூரம்:
செராமிக் பேட் போடுங்கள் நண்பரே. சத்தம் இல்லை, சக்கரத்தில் கறுப்புத் தூள் படியாது. செமி மெட்டாலிக் குளிர்ந்த நிலையில் கிரீச்சிடும், டிஸ்க்கையும் தேய்க்கும்.

கியர்ப்பெட்டி:
முழு பாரத்தோடு மலையிறங்கும் வண்டிக்கு நான் செமி மெட்டாலிக்தான் சொல்வேன், சூட்டை நன்றாக விரட்டும். நகருக்குள் மட்டும் ஓடுவதென்றால் செராமிக் சரி. எதுவானாலும் பேடின் விளிம்பில் அச்சிட்ட இரண்டு ஆங்கில எழுத்தைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரண நிலையில் உள்ள உராய்வு, இரண்டாவது சூடான நிலையில். 'இ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் குறைந்த உராய்வைக் காட்டினால் சூட்டில் பிடி குறையும் என்று அர்த்தம். 'எஃப்எஃப்' இருந்தால் பெரும்பாலான பழைய வண்டிகளுக்குப் போதும்.

லேத்பட்டறை:
எல்லாரும் வாங்கச் சொல்கிறீர்கள். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக் கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். லேத்தில் மேற்பரப்பைச் சீவிக் கடைந்த பிறகும் அதற்கு மேல் நிற்குமானால் எதற்கு மாற்ற வேண்டும்? சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் வளைந்துவிடும், லேத்தில் கடைந்தால் நேராகிவிடும். பழைய டிஸ்க்கின் இரும்பு நல்ல இரும்பு.

உருக்கிரும்பு:
வளைவதா? வார்ப்பிரும்பு சாலைத் தண்ணீருக்கு வளைவது அபூர்வம். நடுக்கத்துக்குக் காரணம் அநேகமாக எப்போதும் தடிமன் ஒரே சீராக இல்லாததுதான். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசம் இருந்தாலே பல வண்டிகளில் கைக்குத் தெரியும். இன்னொன்று, பலமாக பிரேக் அடித்து நிறுத்தி, சூடு ஆறும் முன் பெடலை அழுத்தியபடியே நின்றால் பேடின் பூச்சு ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அடிப்படை தெரியாமல் அறிவுரை சொல்லக் கூடாது.

லேத்பட்டறை:
அடிப்படை தெரியாமல் யாரும் லேத் முன்னால் நிற்க முடியாது சார். தடிமன் சீராக இல்லை என்றால் கடைவதுதானே வைத்தியம்? அதுவும் வண்டியில் மாட்டிய நிலையிலேயே கடையும் இயந்திரம் ஹப்போடு (சக்கரமும் டிஸ்க்கும் உட்காரும் நடுப்பகுதி) சேர்த்து டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டத்தை எடுத்துவிடும். புது டிஸ்க்கால் அது முடியாது.

உருக்கிரும்பு:
வண்டியிலேயே கடைவது நல்ல முறைதான். ஆனால் பழைய வண்டியில் கடையும் அளவுக்கு இரும்பு மிச்சம் இருக்க வேண்டுமே.

கியர்ப்பெட்டி:
இரண்டு பேரும் ஹப்பை விட்டுவிடக் கூடாது, முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது. ஹப் முகத்தில் துரு இருந்தால் அதன்மேல் உட்காரும் டிஸ்க் மயிரிழை சாய்ந்து நிற்கும். பிரேக் போடாதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசும். ஓட ஓட அந்த இடம் மெலிந்து, நடுக்கம் திரும்ப வரும். அதனால்தான் புது டிஸ்க் போட்டவர்கள் 'கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, மறுபடி ஆரம்பித்துவிட்டது' என்கிறார்கள். கம்பித் தூரிகையால் உலோகம் மின்னும் வரை ஹப்பைத் தேய்க்கச் சொல்லுங்கள். டிஸ்க்கை மாட்டி நட் இறுக்கிய பிறகு டயல் கேஜ் (நுண்ணளவு காட்டும் கருவி) வைத்து ஆட்டம் பார்க்கச் சொல்லுங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி, பல வண்டிகளில் 0.10 வரை ஒப்புக்கொள்வார்கள். இதைச் செய்யாவிட்டால் எவ்வளவு நல்ல டிஸ்க் வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

மலைப்பாதை:
எல்லாருக்கும் நன்றி. 2003 மாடல், 1.5 பெட்ரோல் செடான். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அளந்து பார்த்தோம்: பொறித்திருப்பது 20, இருப்பது 19.6. ஒரு பக்கம் உள் பேட் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

லேத்பட்டறை:
19.6 என்றால் கடைய வழியே இல்லை, புதுசு வாங்குங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

கியர்ப்பெட்டி:
உண்டு. உள் பேட் மட்டும் தேய்ந்தால் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம், அல்லது பேடைத் தள்ளும் பிஸ்டன் திரும்பாமல் ஒட்டியிருக்கலாம். பின்னை உருவி, சுத்தம் செய்து, பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ் மட்டும் தடவ வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதிப்போகச் செய்யும். பிஸ்டன் ரப்பரையும் பாருங்கள்.

தொலைதூரம்:
புது டிஸ்க்கில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வரும், பிரேக் கிளீனரால் துடைக்காமல் மாட்டக் கூடாது. பழைய பேட் தூளைக் காற்றடித்து ஊதவும் கூடாது. பழைய வண்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

உருக்கிரும்பு:
மாட்டியதும் பேடைப் பழக்க வேண்டும், பலரும் விட்டுவிடும் வேலை இது. ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் 60-லிருந்து 10 வரை மிதமாக அழுத்தி இறக்குங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். இடையில் ஆற விட்டு, இப்படிப் பல தடவை. அப்புறம் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு மேல் பழையது என்றால் அதையும் மாற்றுங்கள், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும்.

வேகத்தடை:
எங்கே போய்விட்டார்? மாற்றினாரா?

மலைப்பாதை:
மாற்றியாகிவிட்டது. காற்றறை உள்ள சாதாரண டிஸ்க், 'எஃப்எஃப்' செமி மெட்டாலிக் பேட். ஹப்பில் நிறைய துரு இருந்தது, தேய்த்த பிறகு ஆட்டம் 0.04. வலது பக்க ஸ்லைடு பின் இறுகியிருந்தது. நடுக்கம் இல்லை. நன்றி.

கியர்ப்பெட்டி:
நல்லது. அந்தப் பின்னின் ரப்பர் உறை கிழிந்திருந்ததா? புது உறை போட்டார்களா, பழையதையே மாட்டிவிட்டார்களா?