போட்டிக்காக தூர தேசம் போனப்ப தூக்கம் என்ன ஆச்சு? உங்க அனுபவம் சொல்லுங்க

அடையாறு ஓட்டம்
நியூயார்க் மாரத்தான் எப்பவும் நவம்பர் முதல் ஞாயிறு. சென்னையிலிருந்து போய் இறங்கினதிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்கே கண் சொருகும், நடுராத்திரி முழிப்பு வந்துடும். போட்டிக்கு முந்தின ராத்திரியும் அதேதான். இருட்டுல செல்போனையே பார்த்துட்டுப் படுத்திருந்தேன். 1:59 ஆச்சு. அடுத்து 2:00 வரும்னு பார்த்தா மறுபடி 1:00! அன்னிக்குத்தான் அங்க கோடைகால நேரம் முடிஞ்சு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கிறாங்க. ஊர்க்காரங்களுக்குக் கூடுதல் தூக்கம். எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் முழிப்பு. விடியறதுக்குள்ள ஓட்டம் தொடங்குற ஸ்டேட்டன் தீவுக்குப் பஸ், அங்க குளிர்ல மணிக்கணக்கா காத்திருப்பு. குயின்ஸ்பரோ பாலத்துல, 25-வது கிலோமீட்டர் கிட்ட, கால் சுத்தமா வரல. ஓடி முடிச்சேன். ஆனா அந்த ரெண்டாவது 1:00 இன்னும் மனசை விட்டுப் போகல.

தாண்டுதல் 55+
2022, ஃபின்லாந்து தாம்பெரே, உலக மாஸ்டர்ஸ் (மூத்தோர்) தடகளம். நேர வித்தியாசம் ரெண்டரை மணிதான், ஒண்ணும் ஆகாதுன்னாங்க. ஜூன் கடைசி, ராத்திரி 11 மணி வரைக்கும் சூரியன் மறையல. திரைச்சீலைக்கு மேல என் பருத்திப் புடவையை நாலா மடிச்சு ஜன்னல்ல கட்டினேன். அப்பவும் பக்கத்துக் கட்டில் அக்கா, "இன்னும் லைட்டை அணைக்கலையாடி?"ன்னு கேக்கிறாங்க. மும்முறை தாண்டுதல்ல பலகையில கால் விழவே இல்ல. மூணும் ஃபவுல்.

பிசியோ தம்பி
அது ஜெட்லாக் (நேர வித்தியாசத்தால வர்ற தூக்கக் குழப்பம்) இல்லம்மா, வெளிச்சப் பிரச்சினை. மேற்கே ரெண்டரை மணியை உடம்பு சீக்கிரம் சமாளிச்சுடும். நான் ஒரு ஹாக்கி டீமோட பிரிஸ்பேன் போனேன், கிழக்கே நாலரை மணி. ராத்திரி ஒரு மணிக்குப் பாதி டீம் லாபியில சீட்டாடிட்டிருக்கு. அவங்க உடம்புக்கு அப்போ எட்டரைதான்!

நம்ம உடம்புக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். அதனால தூக்கத்தைத் தள்ளிப் போடுறது சுலபம், முன்னாடி இழுக்கிறது கஷ்டம். ஒரு மணி வித்தியாசத்துக்கு ஒரு நாள்னு கணக்கு வச்சு முன்கூட்டியே போய் இறங்குங்க. கிழக்கே போறவங்க கிளம்புறதுக்குச் சில நாள் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமா சீக்கிரம் படுக்கப் பழகுங்க. நியூயார்க் போறவங்க மதியத்துக்கு மேல வெயில்ல நடங்க. பகல் தூக்கம் அரை மணி போதும். தூக்கத்துக்குப் போடுற மெலடோனின் விளையாட்டு ஊக்கமருந்துத் தடைப் பட்டியல்ல இல்ல, ஆனா டாக்டரைக் கேக்காம யாரோ குடுத்த பாட்டிலைத் தொடாதீங்க. அதுல வேற ஏதாவது கலந்திருந்தா சோதனையில மாட்டுறது நீங்கதான். முழிச்சிருக்க மோடாஃபினில் போடவே போடாதீங்க, போட்டி சமயத்துல அது தடை. காபி பரவாயில்ல, கஃபீனை 2004-லேயே பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. மதியத்தோட நிறுத்திக்குங்க.

ஸ்காபரோ அப்பா
தம்பி, உந்தக் கிழக்கு மேற்குக் கணக்கு எங்களுக்குச் சரிவரேல்லை. ரொறன்ரோவில இருந்து மகளை பட்மின்ரன் போட்டிக்குக் கோலாலம்பூர் கூட்டிக்கொண்டு போனனான். கோடையில சரியா 12 மணித்தியால வித்தியாசம், எந்தப் பக்கத்தால போனாலும் ஒண்டுதான். பின்னேரம் மூண்டு மணிக்கு ஆட்டம், ரொறன்ரோவில அப்ப விடியப்புறம் மூண்டு. முதல் செற் வெண்டிட்டாள். ரெண்டு நிமிச இடைவேளையில துவாயைத் தலையில போட்டுக்கொண்டு பையுக்குப் பக்கத்தில இருந்த பிள்ளை, நடுவர் கூப்பிடேக்க எழும்பேல்லை. நித்திரை! பயிற்சியாளர் தோளைப் பிடிச்சு உலுப்பித்தான் எழுப்பினவர். மிச்ச ரெண்டு செற்றும் போச்சு. வந்து இறங்கின மறுநாளே சின்னப் பிள்ளையளுக்கு ஆட்டம் வைக்கிறது என்ன நியாயம்?

தாண்டுதல் 55+
பிசியோ தம்பி, வெளிச்சத்தைத் தனியாப் பிரிக்காதீங்க. உடம்புக் கடிகாரத்தைத் திருப்புறதே வெளிச்சம்தானே, அதுக்குத்தானே நியூயார்க்காரரை வெயில்ல நடக்கச் சொல்றீங்க? பதினொரு மணி வரைக்கும் வெயில் அடிச்சா எப்படித் தூக்கம் வரும்?

ஸ்காபரோ ஐயா, பாப்பா இப்பவும் ஆடுறாளா?