பாலூட்டும் தாய்மாருக்கான வெப்ப ஒத்தடப் பை: நிரப்புப் பொருள் குறித்து உதவி தேவை

திருப்பூரில் சிறிய தையலகம் நடத்தும் நான், பால் கட்டி வலியால் துன்புறும் தாய்மார் பாலூட்டுவதற்குச் சற்று முன் மார்பில் வைத்துக்கொள்ளும் ஒத்தடப் பை ஒன்றை நான்கு மாதங்களாக வடிவமைத்து வருகிறேன்; அது இன்னும் மார்பின் வளைவோடு சரியாகப் படியவில்லை. பிரசவத்துக்குப் பின் என் தங்கை, வெந்நீரில் நனைத்த துண்டு ஆற ஆற மாற்றிக்கொண்டு அழுததைக் கண்ட பிறகு இதைக் கைவிட எனக்கு மனமில்லை.

பை வட்டமானது. வெளிவிட்டம் 15 செ.மீ.; காம்பில் சூடு படாதிருக்க நடுவில் 4 செ.மீ. துளை; மேலுறை பருத்திப் பின்னல் துணி.

முதலில் 150 கிராம் ஆளி விதை நிரப்பினேன். படுத்திருக்கையில் அழகாகப் படிந்தது; ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்ததும் விதை முழுவதும் கீழே இறங்கிவிட, வலி மிகுந்த அக்குள் பக்கத்தில் வெறும் துணியே எஞ்சியது. ஆறு அறைகளாகப் பிரித்துத் தைத்ததில் விதை நகரவில்லை, எனினும் தையல் கோடுகள் விறைத்துத் தோலை உறுத்தின. அடுத்து, உள்ளிருக்கும் உலோகத் தகட்டைச் சொடுக்கினால் சூடாகும் சோடியம் அசிடேட் கரைசலை முயன்றேன். நள்ளிரவில் அடுப்பைத் தேட வேண்டாம் என்பதால் இதுவே எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் படிகமானதும் அது கட்டியாக இறுகிவிடுகிறது. சூடும் ஏறக்குறைய 54 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவதால் இரட்டை உறை தேவைப்படுகிறது. நீரைக் கூட்டினால் மென்மை வருகிறது, சூடு குறைந்துவிடுகிறது.

உட்கார்ந்த நிலையிலும் கீழே சரியாமல், இறுகாமல், தோலின் மேல் 40 டிகிரி அளவில் 15 நிமிடம் சூட்டைத் தாங்கும் நிரப்புப் பொருளையோ அறை அமைப்பையோ நீங்கள் கையாண்டிருந்தால், அது எது என்று தெரிவிப்பீர்களா?